உப்பேறிய வளவில் ஒரு கல் பாத்தி: ஒலுவில் கரையோர வீடுகளுக்கான தோட்டம்

கடல் ஒரு காணியை இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும். கரை இடியும், வேலி விழும், தென்னை சாயும். மற்றது வெளியே தெரியாது. காணி அப்படியே இருக்கும், வீடும் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரிக்கத் தொடங்கும். மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகும். கீரை விதை முளைத்து இரண்டு இலையோடு நின்றுவிடும். "மண் சரியில்லை" என்று சொல்லி அந்த இடத்தில் பயிர் செய்வதையே வீட்டார் விட்டுவிடுவார்கள்.

ஒலுவில் மக்களுக்கு இந்த இரண்டும் தெரியும். கரையரிப்பைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இங்கே எழுதுவது மற்றதைப் பற்றி: உப்பேறிய மணல் வளவில், சீமெந்துப் புளொக் கற்களை அடுக்கி, வீட்டுக்கு வேண்டிய மூலிகையையும் கீரையையும் எப்படி எடுப்பது என்பது.

துறைமுகமும் தண்ணீரும்

ஒலுவில் துறைமுகம் மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு என்றே இன்றும் பேசப்படுகிறது. டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அதற்காக மக்களின் காணிகள் சுவீகரிக்கப்பட்டன. நட்டஈட்டுப் பிணக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. எதிர்பார்த்தபடி வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலை மணல் மூடுவதும், அதைத் தோண்டுவதும், மறுபடி மூடுவதுமாகக் காலம் போனது.

மணல் ஏன் அங்கே சேர்கிறது என்பதற்கு விளக்கம் எளிது. இந்தக் கரையில் அலையோடு மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறிக்கிறது. தெற்கே மணல் குவிகிறது. வடக்கே கடல் கொண்டுபோகும் மணலுக்குப் பதிலாக மணல் வந்து சேருவதில்லை. ஒலுவிலின் வடபகுதியும் நிந்தவூர்ப் பக்கமும் கரையை இழந்ததற்கு இது முக்கிய காரணம்.

கரை உள்ளே நகர்ந்தால் நிலத்தடி நீரும் மாறும். மணற்பாங்கான கரையோரத்தில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. உப்பு நீர் கனமானது, நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்களின் பழைய கணக்கு. இதையே மறுபக்கமாகப் பார்த்தால், மேலே ஒரு சாண் குறைந்தாலே கீழே பல மீற்றர் உப்பு ஏறிவிடும். கடல் கிட்ட வரும்போது வில்லையின் ஓரம் மெலிகிறது. மோட்டார் பூட்டி இறைத்தால் உப்பு நீர் அடியிலிருந்து மேலே இழுபடுகிறது.

2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அப்போது கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பாகின. நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் அது உப்பை இன்னும் உள்ளே இழுத்தது. பிறகு அந்தக் கிணறுகளைக் கழுவிக் கொடுத்தது பெரும்பாலும் மாரி மழைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாத்தியிலும் இதே கதைதான் நடக்கப் போகிறது.

உயரம் எதற்கு?

பழைய வீடுகளின் சுவரில் அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பூச்சு உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்து ஈரம் சுவர் வழியாக மேலே ஏறி, காற்றில் உலர்ந்து, உப்பை மட்டும் அங்கே விட்டுச் செல்கிறது. மண்ணிலும் இதுவே நடக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலத்தடி ஈரம் மேலே இழுபட்டு ஆவியாக, வேர் நிற்கும் அந்த அரையடி மண்ணில் உப்புச் சேர்கிறது. எவ்வளவு எரு போட்டாலும் அந்த உப்பு போகாது.

பாத்தியை உயர்த்தினால் வேர் அந்த ஈரத்திலிருந்து விலகுகிறது. ஆனால் உயர்த்தினால் மட்டும் போதாது. சுவரில் ஏறும் ஈரம் பாத்தியிலும் ஏறும். அதனால் அடியில் ஈரம் தாவ முடியாத ஓர் இடைவெளி வேண்டும். மூன்று அங்குலத்துக்குச் சல்லிக்கல்லோ, உடைந்த ஓடோ, செங்கல் துண்டோ பரப்பினால் அந்த இடைவெளி கிடைத்துவிடும். பெரிய கற்களுக்கு இடையிலுள்ள வெளியில் தண்ணீர் கீழே இறங்கும், மேலே ஏறாது.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். உப்பு வரக்கூடாது என்று அடியில் பொலித்தீன் விரித்துவிடுகிறார்கள். கீழிருந்து உப்பு வராதுதான். ஆனால் மேலிருந்து நாம் ஊற்றும் உப்பும் வெளியே போகாது.

அந்த உப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றருக்கு 1 கிராம் உப்புள்ள கிணற்று நீரை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்தால் இலேசாகக் கரிக்கும், குளிக்கவும் உடுப்புத் துவைக்கவும் பாவிப்போம். கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஒரு நாளைக்கு 10 லீற்றர் ஊற்றினால் 10 கிராம் உப்பு. மழையில்லாத மூன்று மாதத்தில் 900 கிராம். ஏறக்குறைய ஒரு கிலோ உப்பைக் கடையில் வாங்கிப் பாத்தியில் கொட்டியது போலத்தான். அடியில் வடிகால் இருந்தால் அதில் பெரும்பகுதியைக் கழுவி இறக்கிவிடலாம். பொலித்தீன் இருந்தால் முடியாது.

எனவே கரிக்கும் தண்ணீர் உள்ளவர்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட வேண்டும். இடைவெளி விட்டு, அடியால் வடியும் அளவுக்கு ஒரே தடவையில் ஊற்றுவதே சரி. இலையில் படாமல் வேரில், மாலையில் ஊற்றுங்கள்.

வுழூச் செய்யும் தண்ணீர்

குழாய் நீர் வரும் வீடுகளில் இன்னொரு வழி இருக்கிறது. வுழூச் செய்த தண்ணீரில் சவர்க்காரம் இல்லை, எண்ணெய் இல்லை. அது வீணாக வடிகாலில்தான் போகிறது. ஒருவர் ஒரு தடவைக்கு இரண்டு லீற்றரைப் பாத்திரத்தில் பிடித்தாலும் ஐந்து வேளைக்கு 10 லீற்றர். நான்கு பேர் உள்ள வீட்டில் 40 லீற்றர். இங்கே சொல்லப்போகும் அளவுப் பாத்தி ஒன்றுக்குக் கச்சான் காலத்திலும் இது தாராளம். பள்ளிவாசல்களில் வடிந்து போகும் அளவை நினைத்துப் பாருங்கள். வளாகத்துக்குள்ளேயே பத்துப் பாத்தி வைக்கலாம்.

பாத்திரம் கழுவிய நீர் வேறு விடயம். சவர்க்காரத் தூள்களில் சோடியம் இருக்கிறது. அதை ஊற்றினால் மறுபடி உப்புக் கணக்குத்தான்.

கல்லும் கணக்கும்

நடுவில் இரண்டு குழி உள்ள, 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குலத் தடிப்புள்ள கல்லை எடுத்துக்கொள்வோம். நீளப் பக்கத்துக்கு ஆறு கல், அதற்குள் அடங்கும்படி அகலப் பக்கத்துக்கு இரண்டு கல். ஒரு வரிக்கு மொத்தம் 16 கல். இரண்டு வரி அடுக்கினால் 32 கல்லில் 16 அங்குல உயரம். உள்ளே 7 அடி நீளமும் 32 அங்குல அகலமும் கிடைக்கும். எந்தப் பக்கம் நின்றாலும் நடுவுக்குக் கை எட்டும். மண்ணுக்குள் கால் வைக்கத் தேவையில்லை.

இந்தப் பாத்தி நிரம்ப ஏறக்குறைய 25 கன அடி மண் வேண்டும், 10 லீற்றர் வாளியால் 70 வாளி. வசதி இல்லாதவர்கள் ஒரு வரியோடு தொடங்கலாம். கீரைக்கு அது போதும். ஆனால் கரையோரத்தில் இரண்டாவது வரியின் பெறுமதி மண்ணின் ஆழத்தில் மட்டும் இல்லை. வளவில் வெள்ளம் நிற்கும் மாரி நாட்களிலும் வேர் மேலே இருக்கும்.

கற்களுக்கிடையில் சீமெந்துச் சாந்து வைக்காதீர்கள். சும்மா அடுக்கினால் மூலைகளாலும் இடுக்குகளாலும் தண்ணீர் வடியும். இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கரையில் நாளைக்கு யார் எங்கே இருப்பார்கள் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. யுத்தம் ஒருமுறை எழுப்பியது, சுனாமி ஒருமுறை எழுப்பியது. பிறகு 200 மீற்றர் தடைவலயம் என்றார்கள். துறைமுகத்துக்கென்றும் காணி எடுத்தார்கள். சாந்து வைத்துக் கட்டியதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா அடுக்கிய 32 கல்லையும், உரப் பைகளில் அள்ளிய மண்ணையும், கற்றாளைக் குட்டிகளையும் ஒரு லேண்ட்மாஸ்டரில் ஏற்றிவிடலாம். மண்ணை உருவாக்க இரண்டு வருடம் பாடுபட்டவருக்கு இது சின்ன விடயமில்லை.

அடுக்கும்போது மேல்வரிக் கல் கீழ்வரியின் இரண்டு கற்கள் சேரும் இடத்தின் மேல் அமரட்டும். சாந்து இல்லாமல் இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். பிள்ளைகள் ஏறுவார்கள்.

புதுக் கல்லில் சுண்ணாம்புக் காரம் அதிகம். வாங்கியதும் நட்டுவிடாமல், சில கிழமை மழையிலோ குழாய் நீரிலோ நன்றாக நனைய விட வேண்டும். கடல் மணல் கலந்து வார்த்த கல் என்றால் உப்பும் சேர்ந்து வரும். கல்லில் வெள்ளையாகப் பூத்தால் ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, பயமில்லை. நுரைக்காமல் நாக்கில் கரித்தால் உப்பு.

இடிந்த வீட்டின் கல்லையும் பாவிக்கலாம். எங்கள் மாகாணங்களில் அதற்குக் குறைவில்லை. ஆனால் பழைய பெயின்ட் பூசிய பக்கத்தில் ஈயம் இருக்கக்கூடும், அத்தகைய கல்லை உணவுப் பயிருக்கு எடுக்க வேண்டாம். இடிபாட்டில் கிடக்கும் அஸ்பெஸ்டஸ் சீட் துண்டுகளைச் சல்லிக்குப் பதிலாக உடைத்துப் போடவே கூடாது. அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பாது. வன்னியில் இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாத்திக்கு மண் தேடிக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களுக்கோ, இன்னும் அகற்றி முடியாத பற்றைகளுக்கோ போகாதீர்கள்.

மண்ணை உருவாக்குதல்

அம்பாறை நெல் விளையும் மாவட்டம். ஆலைகளில் உமி கிடைக்கும். வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிக்காமல், கறுப்பாகக் கருக்கித் தண்ணீர் தெளித்து அணைத்த உமி, மணல் மண்ணில் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். சாம்பல் என்றால் காரம் கூடும். கல்லே காரம் என்பதால் அது வேண்டாம். வயல் பக்கத்து மண் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெருவோ ஆட்டெருவோ ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு என்ற அளவில் தொடங்கலாம். குளத்தில் மண்டிக் கிடக்கும் ஆற்றுவாழையை வெட்டி உலர்த்தி உக்க வைத்தால் கூட்டெரு. பொச்சுத் தும்புத்தூளும் நல்லது. ஆனால் கரையோரத்து உவர் நீரில் ஊறிய மட்டையின் தூள் உப்பைச் சுமந்திருக்கும், இரண்டு மூன்று தடவை கழுவித்தான் போட வேண்டும். துறைமுகத்தில் கிடைக்கும் மீன் கழிவும் பசளைதான், கழுவி ஆழப் புதைத்தால். மேலாகப் போட்டால் ஊர் நாய் முழுவதும் உங்கள் வளவில் நிற்கும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது, இப்படி மண்ணைச் செய்யத் தெரிந்தவர்களின் தோட்டம் கொஞ்சமாவது தாக்குப்பிடித்தது. அடுத்த வருடம் ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்னார்கள். லீவு கொடுத்தவர்கள் மண்ணும் கொடுத்திருக்கலாம். கியூபாவில் 1991இல் சோவியத் உதவி நின்று, பசளையும் எரிபொருளும் இல்லாமல் போனபோது, ஹவானா நகரத்துத் தரிசுகளில் கல்லும் கொங்கிறீட்டும் வைத்து வரம்பு கட்டி, கூட்டெரு நிரப்பிக் கீரை வளர்த்தார்கள். அந்தப் பாத்திகளை 'ஓர்கனோபோனிகோ' என்றார்கள். அங்கே நகராட்சியும் அரசாங்கமும் நிலம், விதை, பயிற்சி என்று பின்னால் நின்றன. இங்கே தனி வீடுகள் தனியே செய்ய வேண்டியிருக்கிறது.

எதை எங்கே நடுவது?

மேல்வரிக் கற்களில் மொத்தம் 32 குழி. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 லீற்றர் மண் பிடிக்கும். வெயிலில் கல் சூடாகும், குழி சீக்கிரம் காயும். பாத்தியின் நடுவில் நடுவதை இங்கே நட்டால் வாடிவிடும். இந்தக் குழிகள் சதைப்பற்றுள்ள செடிகளுக்கு.

கற்றாளை முதலாவது. இத்தகைய செடிகள் பகலில் இலைத் துளைகளை மூடிவைத்து இரவில்தான் திறக்கின்றன, அதனால் தண்ணீர்ச் செலவு குறைவு. கிணற்று நீர் கொஞ்சம் கரித்தாலும் பொறுக்கும். குழியில் எரு குறைவாகவும் பருமணல் கூடவும் போடுங்கள். வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பால் கடும் பேதி மருந்து. அதை வடியவிட்டு, கழுவிய சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

கற்பூரவள்ளி அடுத்தது. ஒரு கிளையை ஒடித்துச் சொருகினால் போதும். பிள்ளைக்குத் தடிமன் என்றால் இரண்டு இலை. பிரண்டையையும் கணுவோடு வெட்டிச் சொருகலாம். துவையலுக்கு நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், அரிக்கும். பருப்புக்கீரை தரையில் தானே முளைக்கும் பூடு என்று பிடுங்கி எறிகிறோம். உப்பைத் தாங்கும் கீரைகளில் அது முன்னணியில் நிற்கிறது. அழகுக்கென்று திருகுகள்ளியை வைக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

குழி ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. சில கற்களில் குழியின் ஒரு முனை மூடியிருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், ஒரு கிழமையில் டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்ததை மறக்க முடியாது. மூடிய முனையைக் கம்பியால் துளைத்து, செடி வைக்காத குழியை மண்ணால் நிரப்பிவிடுங்கள்.

பாத்தியின் நடுப்பகுதி புதினா, மல்லி, பொன்னாங்காணி, வல்லாரைக்கு. இவை உப்பைப் பொறுக்காதவை அல்லது அரைகுறையாகப் பொறுப்பவை. குழாய் நீரோ வுழூ நீரோதான் ஊற்ற வேண்டும். புதினா வேர் ஓடிப் பக்கத்துச் செடியை விழுங்கும், அதை ஒரு மூலையில் அடக்கி வையுங்கள். வல்லாரைக்கும் மல்லிக்கும் கச்சான் காலத்தில் தென்னோலை நிழல் வேண்டும். திருநீற்றுப்பச்சை நான்கு செடி இருந்தால் நோன்பு காலத்துச் சர்பத்துக்குக் கசகசா வீட்டிலேயே கிடைக்கும். நாங்கள் கசகசா என்று கடையில் வாங்குவது அதன் விதையைத்தான். கஞ்சிக்குப் போடும் இரம்பையைப் பாத்தியில் வைக்காமல், வடிந்து வரும் ஈரத்தில், நிழல் உள்ள பக்கம் நிலத்தில் வைக்கலாம்.

பாத்தியை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் முக்கியம். வாடை கடலிலிருந்து உப்புத் தூவலைக் கொண்டு வரும், கச்சான் மேற்கிலிருந்து வெக்கையைக் கொண்டு வரும். வீட்டுச் சுவரின் மறைவில், கடலுக்குப் பின்பக்கமாக வைப்பதே நல்லது.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுத் தோட்டத் திட்டம் என்று கன்று பகிர்ந்து படமெடுப்பது கரையரிப்புக்குப் பதிலாகாது. கரைக்குக் கல்லணையும், வடக்கே மணலைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடும், இழந்தவர்களுக்கு நட்டஈடும் அரசாங்கத்தின் வேலை. 32 கல் பாத்தி ஒரு குடும்பத்தின் கறிச் செலவில் கொஞ்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

பாத்தி வைக்கச் சரியான காலம் ஓகஸ்ட், செப்டெம்பர். கல் நனைந்து, எரு அடங்கி, ஒக்டோபர் மழைக்குத் தயாராக இருக்கும். முதல் பெருமழை விழும் நாளில் பாத்தியின் அடியால் வடியும் தண்ணீரை ஒரு கோப்பையில் பிடித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் நன்றாகக் கரிக்கும். ஒவ்வொரு மழைக்கும் குறையும். கரிப்பு நின்ற பிறகு மல்லி விதையைப் போடுங்கள்.